ஐம்பது லட்ச ரூபாய் முழங்கால்

அந்த விளையாட்டுப் பக்கத்தை மட்டும் சித்தெ குடுங்க சார், பாத்துட்டுத் தந்தர்றேன். மடிச்சு ஓரமா வெச்சீங்கல்ல, அதேதான். இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்.

ம். இங்கிலாந்துல ஒரு கிளப்பு, ஒரே ஒரு பையனுக்கு ஆயிரங்கோடி. இதைப் பாத்துட்டுத்தான் 'அநியாயம்'னு வாய்க்குள்ள சொன்னீங்களா? என்ற காதுல விழுந்துச்சு. அநியாயம் ஒண்ணுமில்லீங்க. அவங்க கணக்குல இந்த வருசச் செலவு எவ்வளவு தெரியுங்களா? இருநூறு கோடி. அவ்வளவேதான்.

சிரிக்காதீங்க. அந்தப் பையனுக்கு அஞ்சு வருச ஒப்பந்தம் போட்டிருப்பாங்க. ஆயிரத்தை அஞ்சால வகுங்க. பனியன் கம்பெனில ஒரு நிட்டிங் மிஷின் வாங்கறோம், வாங்குன வருசமே மொத்த வெலையையும் செலவுன்னா எழுதறோம்? வருசத்துக்கு இவ்வளவு தேயுதுன்னு பிரிச்சுத்தானே எழுதறோம்? ஆளும் அப்புடித்தான். ஆளுன்னு சொல்லக்கூடாது, அதைச் சரியாச் சொல்லிப்போடோணும். ஆளை வாங்கறதில்லீங்க. அவன் பேரு எந்தக் கிளப்புல பதிவாயிருக்குதோ அந்தப் பதிவை வாங்கறோம். பதிவு ஒரு சொத்து. கண்ணுக்குத் தெரியாத சொத்து. ஆனா விக்கறவனுக்கு இந்தப் பிரிச்சு எழுதற சமாச்சாரமே கெடையாது. வித்த வருசமே மொத்தமும் வரவு. வாங்கறவன் மெல்ல மென்னு திங்கறான், விக்கறவன் ஒரே வாயில முழுங்கறான். இது புரிஞ்சுதுன்னா உங்களுக்கு ஃபுட்பாலே புரிஞ்ச மாதிரி.

பந்தா? பந்து வேற டிபார்ட்மென்டுங்க.

என்ற பேரு சென்னியப்பன். திருப்பூர்ல ஆடிட்டர். மெட்ராஸ்ல ஒரு காலேஜ் மொதலாளி புதுசாக் கிளப்பு ஆரம்பிக்கறாராம், யோசனை வேணும்னு கூப்புட்டிருக்கார். நம்ம பேரு அங்க வரைக்கும் போயிருக்குது பாருங்க. ஆனா உள்ளூர்ல கேட்டீங்கன்னா வேற மாதிரி சொல்லுவாங்க. நொய்யல் ரோவர்ஸ்னு ஒரு கிளப்பு இருந்துச்சே, அதை அழிச்சதே ஆடிட்டர் சென்னியப்பன்தான்னு. டீக்கடையில சொல்றாங்க, கல்யாணத்துல சொல்றாங்க. போன மாசம் முடி வெட்டப் போனா, அவன் கத்தியைக் கையில வெச்சுக்கிட்டுச் சொல்றான். என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. ரயிலு சேலம் தாண்டறதுக்குள்ள முடிச்சர்றேன்.

சிவமலை அண்ணன்னு, என்கிட்டக் கணக்குப் பாக்கற கட்சிக்காரர். பனியன் ஏத்துமதி, சொந்தமா சாயப்பட்டறை. அவரோட வெளிநாட்டு வியாபாரி ஒருத்தர் அவரை அங்க ஒரு மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். போயிட்டு வந்த மனுசன் பழைய மனுசனா இல்லீங்க. "சென்னியப்பா, அறுபதாயிரம் பேரு எந்திரிச்சு நின்னு ஒருத்தன் பேரைச் சொல்லிக் கத்தறான். மொதலாளி பேரை. எம்பட கம்பெனில ஆயிரம் பேரு இருக்கறானுக, ஒருத்தனாவது என்ற பேரைச் சத்தமாச் சொல்லியிருப்பானா?"ன்னார். சொல்லுவாங்க, ஆனா அவர் காதுல விழற மாதிரிச் சொல்ல மாட்டாங்க. நான் அதைச் சொல்லலை.

ஊர்ல நொய்யல் ரோவர்ஸ் அதுபாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு. கட்டிங், அயர்ன்னு வேலைக்குப் போற பசங்க, ஷிஃப்ட்டு முடிச்சுட்டு வந்து வண்டிப்பேட்டைக்குப் பின்னால ஆடுவாங்க. இருதயராஜ்னு ஒரு கோச்சு. போத்தனூர்க்காரர், ரயில்வே டீமுக்கு ஆடுனவர். கணக்குன்னு பாத்தா, வசூல் பண்ணுன காசு ஒரு பிஸ்கட் டப்பாவுல கெடக்கும். தீந்துச்சுன்னா மறுபடி வசூல். மேட்ச் முடிஞ்சா ஆளுக்கொரு டீ, ரெண்டு கச்சாயம். இதுக்குப் பேரு கிளப்பாம். ஜெயிச்சுட்டும் இருந்தாங்க, அது வேற விசயம்.

சிவமலை அண்ணன் அதை எடுத்தார். கம்பெனியாப் பதிவு பண்ணினோம். காங்கயம் ரோட்டுல பத்து ஏக்கராவுல மைதானம், கேலரி, லைட்டு எல்லாம் பேங்க் கடன். பேங்க்ல ஒரு நிபந்தனை: கிளப்பு வருசா வருசம் லாபம் காட்டோணும். அங்கதான் நான் வர்றேன்.

மொத வேலையா ஒரு பெரிய ஆளை வாங்கோணும்னார் அண்ணன். மலப்புறத்துக்காரன், ஷிஹாபுதீன்னு பேரு. கேரளால ஒரு கிளப்புக்கு ஆடிட்டிருந்தான். அவனுக்கு இருவத்தொம்பது வயசு. பந்து அவன் கால்ல நாய்க்குட்டி மாதிரி ஒட்டிட்டே வரும்னு சொன்னாங்க. நான் பாக்கலை. அம்பது லட்சம், அஞ்சு வருச ஒப்பந்தம். வருசத்துக்குப் பத்து லட்சம் தேய்மானம். அப்புடி எழுதுன அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலைங்க, சந்தோசத்துல. இருவத்தெட்டு வருசமா மிஷினு, பாய்லர்னே எழுதிட்டிருந்தேன். ஒரு மனுசனை எழுதுனது அதுதான் மொதத் தடவை.

இருதயராஜ் வந்து என்ற தோள் மேல எட்டிப் பாத்தார்.

"ஆடிட்டர், ஷிஹாப் அம்பது லட்சம். சரி. சுருளி எவ்வளவு?"

சுருளிங்கறது உள்ளூர்ப் பையன். தேனிப் பக்கத்துல இருந்து பொழைக்க வந்த குடும்பம். அவங்கம்மா சிவமலை அண்ணன் கம்பெனிலயே செக்கிங்ல இருந்துச்சு. போன சீசன்ல விழுந்த கோல்ல முக்காவாசி அவன் போட்டதுன்னு சொல்லிக்குவாங்க.

"சுருளி பூஜ்யம்"னேன்.

"என்னது?"

"நாம அவனை வெலை குடுத்து வாங்கலியே மாஸ்டர். நம்மளோட வளந்தவன். வளத்தது புத்தகத்துல ஏறாது. வாங்குனதுதான் ஏறும்."

"கோல் போடறானே?"

"கோலை எந்தத் தலைப்புல எழுதறது, நீங்களே சொல்லுங்க."

அவர் பிஸ்கட் டப்பாவை எடுத்துட்டுப் போயிட்டார். அந்த டப்பாவும் கிளப்புச் சொத்துதான், நான் பெருந்தன்மையா விட்டுட்டேன்.

மொத சீசன் அமோகம். லீக்ல ரெண்டாவது எடம். அண்ணன் மண்டபம் புடிச்சு பிரியாணி போட்டார். எனக்கும் மனசு நெறைஞ்சிருந்துச்சா, சுருளி பக்கத்துல போய் உக்காந்து முதுகுல தட்டிக் குடுத்தேன். "கண்ணு, இந்தக் கிளப்புலயே லாபமான ஆளு நீதான். உன்ற மதிப்பு பூஜ்யம்"னேன்.

"சார்?"

"பூஜ்யம்டா. சுத்த பூஜ்யம்."

பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுக் கை கழுவிட்டுப் போயிட்டான். கூச்ச சுபாவம். சில பசங்களுக்குப் பாராட்டுனாத் தாங்காது.

மார்ச் மாசம் வந்துச்சு. கணக்கை முடிச்சுப் பாத்தா முப்பது லட்சம் நட்டம். சம்பளம், பஸ்ஸு, லைட்டுக்குக் கரண்டு பில்லு. பேங்க்ல கேட்டா என்ன சொல்றது? அண்ணன் என்ற மூஞ்சியவே பாக்கறார். அப்பத்தான் எனக்கு வேதகிரி ஞாபகம் வந்துச்சு. வேதகிரி சேலத்துல ஆடிட்டர். நாங்க ரெண்டு பேரும் கோயமுத்தூர்ல ஒரே ஆபீஸ்ல தொழில் கத்துக்கிட்டவங்க. அவனும் சேலம் பக்கத்துக் கிளப்பு ஒண்ணுக்குக் கணக்குப் பாக்கறான். போனைப் போட்டேன்.

"வேதகிரி, உங்ககிட்ட உள்ளூர்ப் பையன் எவனாச்சும் இருக்கறானா? பூஜ்யத்துல?"

"ஒருத்தன் இருக்கான். ஏன், உனக்கும் நட்டமா?"

இந்தக் காலத்துல சொல்லாமலே புரிஞ்சுக்கற சிநேகிதன் யாருக்குங்க கெடைக்கறான்?

"நான் ஒருத்தனை உனக்கு விக்கறேன், நீ ஒருத்தனை எனக்கு வித்துரு. முப்பத்தஞ்சுன்னு போட்டுக்கலாமா?"

"நாப்பதாப் போடு சென்னியப்பா. எனக்குக் கொஞ்சம் எச்சா ஓட்டை இருக்குது."

"சரி, நாப்பது."

முடிஞ்சுது. பாருங்க, நான் நாப்பது தரோணும், அவன் நாப்பது தரோணும். நேருக்கு நேர் கழிஞ்சு போச்சு. ஒத்தை ரூபாய் கை மாறலை. ஆனா எனக்கு இந்த வருச வரவு நாப்பது லட்சம், முப்பது லட்சம் நட்டம் போக பத்து லட்சம் லாபம். வாங்குன ஆளுக்கு அஞ்சு வருசத்துல பிரிச்சு எட்டெட்டா எழுதிக்கலாம், அதும் அடுத்த வருசத்துல இருந்து. சிவமலை அண்ணன் எந்திரிச்சு வந்து என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டார். "சென்னியப்பா, நீ கோல் போட்டுட்டேடா!"ன்னார்.

நான் வித்தது சுருளியை. வேற யாரு அத்தனை லாபத்துக்குப் போவாங்க?

அவனைக் கூப்புட்டு நானே சொன்னேன், மூணாம் மனுசன் சொல்லித் தெரியக்கூடாது பாருங்க.

"நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?"

"தப்பு உன்மேல இல்லடா. இது மார்ச் மாசம்."

மறுநாள் அவங்கம்மா ஆபீசுக்கு வந்துச்சு. செக்கிங்ல இருந்து நேரா வந்திருக்கும்போல, சேலை பூரா நூல் பிசிறு. "எம்புள்ளைய நாப்பது லட்சத்துக்கு வித்துட்டீங்களாமே சார், அதுல அவனுக்கு எவ்வளவு?"

"பணமே கை மாறலைம்மா"ன்னேன்.

"பெறகு என்னத்துக்கு வித்தீக?"

உக்கார வெச்சு, பேப்பர் எடுத்து, கோடு போட்டு, அத்தனையும் வெளக்கினேன். என்ற ஜூனியருக்குக் கூட நான் அவ்வளவு பொறுமையாச் சொன்னதில்லை. எல்லாத்தையும் கேட்டுட்டு, "சேலத்துல சோறு யாரு போடுவா?"ன்னு கேட்டுச்சு. இவ்வளவு நேரம் சொன்னதுல அதுக்கு வந்த சந்தேகம் அது ஒண்ணுதான். டீ வாங்கிக் குடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் சேலத்துப் பையன் வந்து எறங்கினான். தீர்த்தமலைன்னு பேரு. இருதயராஜ் போன் பண்ணினார்.

"ஆடிட்டர், உங்க நாப்பது லட்சம் பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்கியிருக்கு. கையில கிளவுஸ் மாட்டியிருக்கு."

"கிளவுசா? எதுக்கு?"

"கோல்கீப்பர்ங்க. ஏற்கெனவே ரெண்டு கீப்பர் வெச்சிருக்கோம். கோல் போடறவனைக் குடுத்துட்டு மூணாவது கீப்பரை வாங்கியிருக்கீங்க. மூணு பேரையும் கோல் கம்பத்துல வரிசையா நிறுத்தவா?"

சரி, என்ன எடத்துல ஆடுவான்னு கேக்க மறந்துட்டேன். மார்ச் முப்பத்தொண்ணாந் தேதி, சார். அன்னிக்கு நீங்க என்ற பொண்டாட்டி பேரைக் கேட்டிருந்தாக் கூட யோசிச்சுத்தான் சொல்லியிருப்பேன்.

ரெண்டாவது சீசன்லதான் கெரகம் புடிச்சுது. நவம்பர்ல ஒரு மேட்ச். எதுத்தாப்ல ஒருத்தன் வந்து மோதி, ஷிஹாப்புக்கு முழங்கால்ல ஏதோ நரம்பு போயிருச்சு. கோயமுத்தூர் டாக்டர் பாத்துட்டு, ஆபரேசன் பண்ணோணும், எட்டு மாசம் கால் ஊனக்கூடாது, அப்பறமும் பழைய மாதிரி ஆடறது சந்தேகம்னுட்டார். இருதயராஜும் ஷிஹாப்பும் என்ற ஆபீசுக்கு வந்தாங்க. அவனுக்குப் படி ஏற முடியலை, கீழ ஜெராக்ஸ் கடை வாசல்ல ஸ்டூல் போட்டு உக்கார வெச்சிருந்தாங்க. நானே எறங்கிப் போனேன். பாருங்க, அந்த மரியாதையெல்லாம் நான் குடுத்திருக்கறேன்.

"சாரே, எனக்கு மதி, போதும். ஒப்பந்தத்தை முறிச்சுக் குடுத்தா நான் ஊருக்குப் போகும். அங்க ஆபரேசன் பண்ணிக்கலாம். சின்னப் புள்ளைங்களுக்குப் பந்து சொல்லிக் குடுத்துப் பொழைச்சுக்கலாம். உங்க காசு ஒண்ணும் வேண்டா"ன்னான்.

காசு வேண்டாங்கறான். எவ்வளவு சுலுவாச் சொல்லிட்டான் பாருங்க! அம்பதுல பத்துதான் தேஞ்சிருக்குது. மிச்சம் நாப்பது லட்சம் அவன் மேல இருக்குது. அவனை விட்டா அந்த நாப்பதும் ஒரே நாள்ல நட்டமா எழுதோணும். பேங்க்காரன் மறுநாளே கேட்டைப் பூட்டிருவான். அவன் போயிட்டா நட்டம், இருந்தா சொத்து. நொண்டிக்கிட்டு இருந்தாலும் சொத்து.

அப்ப எனக்கு ஒரு யோசனை தோணுச்சு. இதை நீங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாது, தொழில் ரகசியம். மிச்சம் நாலு வருசந்தானே? ஒப்பந்தத்தை எட்டு வருசமா நீட்டிட்டோம். நாப்பதை நாலால வகுத்தாப் பத்து, எட்டால வகுத்தா அஞ்சு. வருசச் செலவு பாதியாக் கொறைஞ்சுது. முப்பத்தெட்டு வயசு வரைக்கும் வேலை உறுதி! கால் போன ஆளுக்கு இந்த நாட்டுல வேற எவன் அப்புடிக் குடுப்பான்? கையெழுத்துப் போடறப்ப அவன் அழுதான். சந்தோசம்னு நெனைச்சேன். இருதயராஜ் அப்புடி நெனைக்கலை, கெட்ட வார்த்தை சொன்னார். போத்தனூர்ல ரயில்வே கோட்டர்ஸ்ல வளந்தவர், விட்டுத்தள்ளுங்க.

சம்பளமா? அது வந்துங்க... அதுல ஒரு சின்னச் சிக்கல். லாபம் இருந்துச்சு, பணம் இல்லை. ரெண்டும் வேற வேறங்கறது பொது சனத்துக்குப் புரிய மாட்டேங்குது. நாலு மாசமா யாருக்கும் சம்பளம் போகலை. "லாபம்னு போட்டிருக்கறீங்களே ஆடிட்டர், அதை வறுத்துத் திங்கலாமா, வேக வெச்சுத் திங்கலாமா?"ன்னு கேக்கறார் இருதயராஜ். ஆபரேசனும் தள்ளிப் போச்சு. மருத்துவச் செலவுன்னு எழுதுனா அந்த வருசத்துலயே முழுசா எழுதோணும், பிரிக்க முடியாது. இதெல்லாம் யாரு யோசிக்கறா?

பிப்ரவரில பேங்க்ல இருந்து ஒரு கடுதாசி. சொத்துக்களை நேர்ல பாக்க வர்றாங்களாம். கேலரி இருக்குதா, லைட்டு எரியுதா, வாங்குன ஆட்டக்காரங்க ஆடறாங்களா. ஆடாத ஆளு எப்புடிச் சொத்தாகும்னு கேட்டுட்டாங்கன்னா? அன்னிக்குன்னு பாத்துச் சேலத்துக்காரங்களோட மேட்ச். நான் இருதயராஜ்கிட்டப் போனேன். "மாஸ்டர், ஷிஹாப்பை ஒரு பத்து நிமிசம் எறக்குங்க போதும். ஓட வேண்டாம். சும்மா நிக்கட்டும்."

"ஆடிட்டர், உம்ம மிஷினு உடைஞ்சா இப்புடித்தான் கரண்டு குடுத்துப் பாப்பீரா?"ன்னார். முடியாதுன்னுட்டார். அண்ணன் நேராப் போய்ச் சொன்னப்பறம், ஷிஹாப்பே எந்திரிச்சு, "மாஷே, சண்டை வேண்டா. நான் இறங்கறேன். நாலு மாசச் சம்பளம் பசங்களுக்கு வரட்டே"ன்னான். மேட்ச் முடிஞ்சா எல்லாருக்கும் சம்பளம் போட்டர்றேன்னு அண்ணன் வாக்குக் குடுத்திருந்தார்.

அன்னிக்குத்தான் நான் ஒரு மேட்ச்சை உக்காந்து பாத்தது. பேங்க்காரங்க கூட உக்காரோணுமே. கேலரி நெறைஞ்ச கூட்டம், எல்லாம் பனியன் கம்பெனி சனம். சுருளி சேலத்துச் சட்டை போட்டுட்டு வந்து ரெண்டு கோல் போட்டான். நம்ம சனம் என்ன பண்ணோணும்? உம்முனு இருக்கோணுமா இல்லியா? எந்திரிச்சு நின்னு கை தட்டறாங்க! "நம்ம பையன், நம்ம பையன்"னு கத்தறாங்க. "அவனை வித்தாச்சு, உக்காருங்கய்யா"ன்னு நான் சொல்லிட்டிருக்கேன், எவன் கேக்கறான்?

கடைசில ஷிஹாப்பை எறக்குனாங்க. காலைச் சுத்தித் துணிக்கட்டு. நடு மைதானத்துல போய் நின்னான். நான் பேங்க்காரர்கிட்ட, "அதா, அவருதான் அம்பது லட்சம்"னு கை காட்டினேன். அவர் குறிச்சுக்கிட்டார். அவ்வளவுதான் வேணும், வேலை முடிஞ்சுது. ஆனா அந்தப் பந்து அவன்கிட்டப் போயிருச்சு. சும்மா நிக்கச் சொன்ன ஆளு, நின்னிருக்கலாம். பந்தைப் பாத்ததும் அவனுக்கு என்ன ஆச்சோ! ஒருத்தனை ஏமாத்தி, இன்னொருத்தனையும் ஏமாத்தித் திரும்பினான் பாருங்க... எனக்கு அதுல ஒண்ணுந் தெரியாது, ஆனா பக்கத்துல இருந்த பேங்க்காரர் 'ஆஹா'ன்னு பேனாவைக் கீழ போட்டுட்டார். திரும்புன வேகத்துல அந்த முழங்கால் மடிஞ்சு போச்சு. சத்தம் கேலரி வரைக்கும் கேட்டுச்சுங்க. காஞ்ச கருவேலங் குச்சியை ஒடிச்ச மாதிரி.

பந்து உருண்டு நேரா சுருளி கால்ல போய் நின்னுச்சு. முன்னால யாருமில்லை. கீப்பர் கூட விழுந்தவனையே பாத்துட்டு நிக்கறான். தள்ளி விட்டாப் போதும், மூணாவது கோல். சுருளி என்ன பண்ணினான்னு நெனைக்கறீங்க? பந்தை ஓங்கி வெளிய ஒதைச்சுட்டான். ஒதைச்சுட்டு ஓடி வந்து, ஸ்ட்ரெச்சர் வர்ற வரைக்கும் கூடப் பொறுக்காம, ஷிஹாப்பை முதுகுல தூக்கிட்டு நடக்கறான். இந்தப் பக்கம் தீர்த்தமலை வந்து காலைத் தாங்கிக்கிட்டான். அந்த மூணாவது கீப்பரு, அன்னிக்குத்தான் மொதத் தடவையா மைதானத்துக்குள்ள கால் வெச்சான். எனக்கு மனசு ஆறவே இல்லை. ராத்திரி வேதகிரிக்குப் போன் போட்டேன். "உன்ற நாப்பது லட்சம் சும்மா கெடைச்ச கோலை வெளிய ஒதைச்சுட்டு எதிர் டீம் ஆளைச் சுமந்துக்கிட்டுத் திரியுது. மதிப்பைக் கொறைச்சு எழுதிக்க"ன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவன் போனை வெச்சுட்டான்.

அப்பறம் என்னங்க, சீட்டுக்கட்டு மாதிரிச் சரிஞ்சுது. முழங்கால் போனதை நேர்ல பாத்த பேங்க்காரன் கடனைத் திருப்பிக் கேட்டான். சிவமலை அண்ணன் சாயப்பட்டறையை வித்தார். ஒரு நாள் என்னைக் கூப்புட்டு விட்டார். ஆபீஸ்ல ஃபேன் கூட ஓடலை.

"சென்னியப்பா, போன வருசம் லாபந்தானே?"

"லாபந்தானுங்ண்ணா."

"இந்த வருசமும்?"

"ஒப்பந்தம் நீட்டிச்ச வகையில பாத்தா, நட்டமில்லைங்ண்ணா."

"அப்ப அதெல்லாம் எங்கடா?"

"ஆட்டக்காரங்க மேல இருக்குதுங்ண்ணா."

ஜன்னலைத் தெறந்து கீழ பாத்தார். வாசல்ல சம்பளம் கேட்டு நின்னுட்டிருந்தாங்க. மூணு கீப்பருங்க, கட்டையை அக்குள்ல குடுத்துக்கிட்டு ஷிஹாப்பு, இன்னும் நாலஞ்சு பேரு. அவங்களைப் பாத்துட்டே, "நீ போடா"ன்னார். 'போ'ன்னார்னு நெனைச்சு நான் கீழ போனேன். அவர் சொன்னது மொத்தமாப் போகச் சொல்லி. மறுநாள்தான் தெரிஞ்சுது, என்ற பைலெல்லாம் மூட்டை கட்டி வீட்டுக்கு வந்துருச்சு. பத்தொம்பது வருசக் கட்சிக்காரர். இப்ப ரோட்டுல பாத்தா அந்தப் பக்கம் போயிர்றார்.

பேங்க்காரன் எல்லாத்தையும் ஏலத்துக்கு விட்டான். புது மேனேஜர், சின்ன வயசு, வடக்கத்திக்காரர். என்ற புத்தகத்துல சொத்துன்னு என்னென்ன இருந்துச்சோ அத்தனையும் ஏலத்துல போட்டுட்டார். நாற்காலி, லைட்டு, புல்லு வெட்டற மிஷினு, அதுக்கடுத்து ஆட்டக்காரங்க, மொதல்ல ஷிஹாபுதீன். பதிவு உரிமை, புத்தக மதிப்பு முப்பத்தஞ்சு லட்சம். ஆளுங்களை அப்புடி விட முடியுமான்னு யாரோ கேட்டதுக்கு, "ஆடிட்டர் சொத்துன்னு கையெழுத்துப் போட்டிருக்கார்"ன்னுட்டார். எவ்வளவு மரியாதை பாருங்க. அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் பேங்க் மாடிக்கு, ஏலத்துக்குப் போனேன்.

நாற்காலி நல்ல வெலைக்குப் போச்சு. ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் எடுத்துக்கிட்டார். லைட்டு போச்சு. ஷிஹாப்பு பேரைப் படிச்சாங்க. முப்பத்தஞ்சு லட்சம்னாங்க, யாரும் வாயைத் தெறக்கலை. பத்துன்னாங்க. ஒண்ணுன்னாங்க. மண்டபத்துக்காரர் மெதுவா என்கிட்ட, "அந்த ஆளு நாற்காலி தூக்குவானுங்களா?"ன்னு கேட்டார். காலைப் பத்திச் சொன்னேன், வேண்டாம்னுட்டார்.

அப்பப் பின்னால இருந்து ஒரு சத்தம். "நூத்தியொண்ணு."

ஷிஹாப்புதான். கட்டையை ஊனிக்கிட்டு நிக்கறான். ஒரு பக்கம் இருதயராஜ், ஒரு பக்கம் சுருளி. சுருளி சேலத்துல இருந்து வந்திருந்தான். பின்னால தீர்த்தமலை, செக்கிங் பொம்பளைங்க ஏழெட்டுப் பேரு, சுருளி அம்மா.

"நூத்தியோரு ஆயிரமா?"ன்னார் மேனேஜர்.

"நூத்தியோரு ரூபா சாரே."

சுத்தி முத்திப் பாத்தார். வேற கேக்கறதுக்கு ஆளில்லை. ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். அம்பது லட்சம் சார்! நான் கையால எழுதுன அம்பது லட்சம், மொய் எழுதற காசுக்குப் போச்சு.

அவன் போய்ப் பணத்தைக் கட்டிட்டு, "ரசீது வேணும்"னான். மேனேஜர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். பொருள்னு ஒரு எடம், அதுல 'ஷிஹாபுதீன்'னு எழுதினார். வாங்கியவர்னு ஒரு எடம். பேனா அங்க வந்து நின்னுருச்சு. என்னை நிமுந்து பாத்து, "ஆடிட்டர் சார், இதை எப்படி எழுதறது?"ன்னார்.

எனக்கும் தெரியலீங்க. இத்தனை வருசச் சர்வீஸ்ல அப்புடி ஒரு கேள்வியை நான் பாத்ததே இல்லை. யோசிக்கறேன், யோசிக்கறேன், அத்தனை பேரும் என்ற வாயையே பாக்கறாங்க. ஷிஹாப்பு கட்டையைச் சுருளிகிட்டக் குடுத்துட்டு, மேஜையைப் புடிச்சுக்கிட்டு, மேனேஜர் கையில இருந்த பேனாவை மெதுவா வாங்கினான். தானே எழுதினான். கிழிச்சான். நாலா மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டான். எல்லாருமாச் சேந்து அவனைப் படில எறக்கிட்டுப் போனாங்க, ஒவ்வொரு படியா. எறங்கறப்ப யாரோ ஏதோ சொல்ல, கும்பலாச் சிரிக்கற சத்தம் மட்டும் மேல கேட்டுச்சு.

ஒரே ஆளு பொருளாவும் இருக்கறான், வாங்குனவனாவும் இருக்கறான். எந்தச் சட்டத்துலயுங்க இருக்குது? என்ற புத்தகத்துல ஒரு பைசா பிசகு கெடையாது, பேங்க்காரனே சொல்லிட்டான். அந்த ரசீதுதான் தப்பு. நான் அங்கயே நின்னுட்டிருந்தேன், திருத்தச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னிக்கு வரைக்கும் எனக்கு உறுத்தறது அது ஒண்ணுதான்.